டெலிவிஷனில் நெருப்பைக் காட்டியிருந்தால்

தாராவி, பம்பாய்-17
11-11-1969

அன்பு மகன் கணேசபாண்டியனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முத்தாரம்மன் புண்ணியத்தில் இங்கே நான், உன் ஐயா, உன் தம்பி அய்யாத்துரை மூன்று பேரும் ஒரு கூரைக்கு அடியில் உயிரோடு இருக்கிறோம், அங்கே சீமையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதுக்குக் கம்பளி கட்டி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு பிறகு மீதியைப் படி. சனிக்கிழமை இங்கே ஆஸ்திரேலியாக்காரர்களோடு ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தில் ஜனங்கள் ஸ்டேடியத்துக்குள் தீ வைத்துவிட்டார்கள். உங்கள் ஊர் டெலிவிஷனில் அதைக் காட்டினார்களோ என்னவோ எனக்குத் தெரியாது. நம்மூர் ஆட்டத்தை அங்கே காட்டவே மாட்டார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய், ஆனால் நெருப்பு என்றால் நியூஸில் காட்டியிருப்பார்கள். காட்டியிருந்தால் நீ பார்த்துவிட்டுப் பதறியிருப்பாய். உன் தம்பி அந்தக் கூட்டத்துக்குள்தான் இருந்தான். ஆனால் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டான், ஒரு செருப்புதான் போயிற்று. தந்தி கொடுத்துவிடலாம் என்று கலீலுல்லா அண்ணாச்சி சொன்னார், தந்திக்காரன் கதவைத் தட்டினால் உறையைப் பிரிப்பதற்குள் நீ என்னென்ன நினைப்பாயோ என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

இனிமேல் எழுதப்போவதை வேலை செய்யும் இடத்தில் வைத்துப் படிக்காதே, அறைக்கு வந்து உட்கார்ந்து படி. ரிப்பேர் பார்க்க டெலிவிஷன் பெட்டியின் முதுகைத் திறந்து ஒரு கையை உள்ளே விட்டால் இன்னொரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும் என்று எந்த நேரத்தில் எழுதினாயோ, அன்றிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான். உன் ஐயா என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார், பெரியவனுக்கு ஒன்றும் எழுதாதே, அவனுக்குக் கை நடுங்கினால் யார் பதில் சொல்வது என்று. அதனால்தான் இத்தனை நாளும் சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் எதிர்வரிசையில் அண்ணாச்சியின் தோல்பைப் பட்டறையில் போய் உட்கார்ந்திருக்கிறார், ரேடியோவும் பேச்சும் கேட்கிறது, அந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அடுப்படியில் பலகைமேல் வைத்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள், பயத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் சரிதான்.

உன் ஐயாவுக்கு செப்டம்பர் கடைசியில் நெஞ்சுவலி வந்தது. சாதாரண வாயுப்பிடிப்பு இல்லை, டாக்டர் சொன்ன வலிதான். எப்படி வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாயோ அழுவாயோ தெரியாது. நியூசிலாந்துக்காரர்கள் ஆடிய கடைசி நாள், ஐயா ஒர்க்‌ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டு வழக்கம்போல அண்ணாச்சி பட்டறையில் ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்தார். அவர்களுடைய பழக்கம் உனக்குத் தெரியாததா, நமக்கு நல்லது நடக்க ஆரம்பித்தால் அந்த நேரத்தில் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும், நின்றவன் நிற்க வேண்டும், காலை மடக்கியவன் மடக்கியபடி இருக்க வேண்டும், ஒண்ணுக்கு வந்தாலும் போகக்கூடாது. அன்றைக்கு அவர்கள் விக்கெட் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தபோது ஐயா இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாராம். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வேர்த்து, சட்டை நனைந்து, உதடு வெளுத்துவிட்டது. ஒரு பையன் அதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறான். நம் அண்ணாச்சி, என்ன நல்ல மனுஷன், அவர் அந்தப் பையனைத் தடுத்து, "யாரும் அவரத் தொடாதீங்க, அவரு அப்பிடி இருக்கதுலதான் விக்கெட்டு விழுது" என்றிருக்கிறார். மேட்ச் டென்ஷன் என்று நினைத்துக்கொண்டார் பாவம். உன் ஐயாவாவது வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா. கடைசி ஆள் அவுட் ஆகிற வரைக்கும் அசையாமல் இருந்து, எல்லோரும் கைதட்டி எழுந்தபோது இவர் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தார். நாம் ஜெயித்த செய்தியும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்த செய்தியும் எனக்கு ஒன்றாகத்தான் வந்தது. இன்றைக்கும் அண்ணாச்சி என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை, வீட்டில் மர்யம் மதினியும் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லையாம்.

ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பிறகு கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் வெங்கடராமன்தான் பார்க்கிறார். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொன்னார், படி ஏறாதே, சத்தம் போடாதே, எல்லாம் சொன்னார். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிரிக்கெட் கமெண்டரி மட்டும் இவர் காதில் விழவே கூடாது அம்மா, இன்னொரு தரம் இப்படி வந்தால் தாங்காது என்றார். சொல்லிவிட்டு வெளியே போனவர் கம்பவுண்டரிடம் ஏதோ ரஞ்சி ஆட்டத்தில் ஸ்கோர் என்ன என்று கேட்டார், என் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனை அங்கேயே நாலு கேட்டிருப்பேன், இவர் உயிர் அவர் கையில் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து இந்த வரிசையில் நான்தான் சர்க்கார். நம் டிரான்சிஸ்டரை மர்யம் மதினியின் அரிசிப் பானைக்குள் வைத்தாயிற்று. பேப்பரில் கிரிக்கெட் வருகிற கடைசிப் பக்கத்தை உருவி அலமாரிக்கு விரித்துவிட்டு எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். ஒரு நாள் இரண்டு நாள் நம்பினார், பிறகு எலிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கடிக்கிறதே என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் யாரும் கத்தக்கூடாது, ஸ்கோர் சொல்லக்கூடாது, பட்டறை ரேடியோவைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஜனங்கள் சொன்னபடி கேட்டார்கள், பொய் சொல்லக்கூடாது. தீபாவளிச் சமயம் என்பதால் எங்கே பார்த்தாலும் பட்டாசு, விக்கெட்டுக்கு வெடிக்கிறானா பண்டிகைக்கு வெடிக்கிறானா என்று தெரியாது, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

உன் கடிதங்களைக்கூட நான் முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஆகஸ்டில் வந்த கடிதம் இருக்கிறதே, அதுதான் அவர் மனசைக் கெடுத்தது என்று எனக்கு ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மத்தியானத்திலேயே முடிகிற ஆட்டம் அங்கே இந்த வருஷம் புதிதாக ஆரம்பித்திருக்கிறது, அது இரண்டாவது சேனலில் வருவதால் வீட்டுக்கு வீடு ஏரியலை மாற்றச் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறார்கள், பொம்பிளைகள் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அதே ஜனங்கள் ஐந்து நாள் டெஸ்ட் ஓடும்போது குமிழைத் திருகி வேறு எதையோ பார்க்கிறார்கள், ஒரு வீட்டில் பெட்டி ஆட்டத்தைக் காட்டுகிறது, கிழவர் அதன் முன்னால் குறட்டை விடுகிறார் என்று விளையாட்டாக எழுதினாய். ஐயா அதைப் பட்டறையில் உரக்கப் படித்தார். கலீலுல்லா அண்ணாச்சிக்குச் சந்தோஷம், நல்லதாப் போச்சு, ஒரு மத்தியானத்தோடு முடிந்தால் மிச்ச நாள் பை தைக்கலாம் என்றார். உன் ஐயாவுக்கு முகம் செத்துவிட்டது. படம் பார்க்கிறவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை ஆடுவதை நிறுத்திவிடுவார்களா என்று என்னிடம் வந்து கேட்டார், என்னிடம்! முப்பது வருஷமாக ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பந்து எப்படித் திரும்பும் என்று மனசுக்குள்ளேயே பார்த்த மனுஷன். டில்லியில் டெலிவிஷன் இருக்கிறது, பம்பாய்க்கும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், வந்தால் உட்கார்ந்து ஐந்து நாளும் பார்ப்பது என்று வைத்திருந்தார். அது வருவதற்குள் ஆட்டமே மாறிவிடுமோ, நாமே இருக்க மாட்டோமோ என்று அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. அவர் சொல்லவில்லை, எனக்குக் கிரிக்கெட் தெரியாவிட்டாலும் அவர் முகம் தெரியும்.

சரி, இந்த ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கு வருகிறேன். நான் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் மறந்துபோனேன். பட்டறையில் தோல்பைக்கு ரிவெட் அடிக்கிற சுத்தியல் சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அந்தச் சத்தத்தில்தான் பரீட்சைக்குப் படித்தாய். மேட்ச் நாளில் அவர்கள் ஓவர் நடக்கும்போது சுத்தியலைத் தொட மாட்டார்கள், கமெண்டரி காதில் விழாது என்று. ஓவர் முடிந்ததும் டக்கு டக்கென்று அடிப்பார்கள், அடுத்த ஓவர் ஆரம்பித்தால் நிறுத்துவார்கள். நம் விக்கெட் விழுந்தால் ஒரு வசவு, உடனே சுத்தியல், ஏனென்றால் அடுத்த ஆள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு நேரம் இருக்கிறதே. நம்மவன் நாலு அடித்தால் ஒருவன் ஒரு தட்டு மட்டும் தட்டுவான். நான் ரேடியோவை அடக்கினேனே தவிர சுத்தியலை அடக்கவில்லை. உன் ஐயா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, முதல் நாளிலிருந்து மொத்த ஆட்டத்தையும் அந்தச் சுத்தியலில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, பாவம் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அய்யாத்துரை என்னிடம் வந்து, சிநேகிதன் ஒருவன் ஈஸ்ட் ஸ்டாண்டுக்கு டிக்கெட் வைத்திருக்கிறான், ஜென்மத்தில் ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினான். கூட்டம் என்றாலே எனக்குப் பயம். பிப்ரவரியில் ஊரே பற்றி எரிந்தபோது, மதராசிகள் ஊருக்குப் போங்கள் என்று கல்லெறிந்தார்களே, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கைக்கூட ஏற்றாமல் இருந்தோம், எழுதியிருந்தேன். எந்தக் கூட்டம் எந்த நிமிஷம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும். இருந்தாலும் பிள்ளை முகத்தைப் பார்த்துப் போகவிட்டேன். ஐயாவிடம் பாண்டுப்பில் ஒரு பாக்டரியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பார்க்கப் போயிருக்கிறான் என்று சொன்னேன். சரி என்றார்.

சாயந்திரம் நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். சுத்தியல் நின்றது. ஓவர் நடக்கிறது போல என்றுகூட நான் நினைக்கவில்லை, எனக்கு அப்போது அந்தக் கணக்கு தெரியாதே. ஆனால் நெடுநேரம் ஆகியும் அடிக்கவில்லை. தையல் மிஷின் சத்தமும் நின்றுவிட்டது. வாசலுக்கு வந்து பார்த்தேன், பட்டறை வாசலில் ஆட்கள் நெருக்கி நின்றுகொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப்போட்டார்கள். நான்தான் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறேனே, அதனால் ஒருவனும் சொல்ல வரவில்லை. மர்யம் மதினிதான் குழாயடிக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். யாரையோ அவுட் கொடுத்ததில் தகராறாம், கூட்டம் பாட்டில் எறிகிறதாம், நாற்காலிகளைப் போட்டுக் கொளுத்துகிறார்களாம், புகையாக இருக்கிறதாம். எந்தப் பக்கம் என்று கேட்டேன், ஈஸ்ட் ஸ்டாண்ட் பக்கம் என்று ரேடியோவில் சொன்னதாக அண்ணாச்சி சொல்கிறார் என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குள் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். முறுக்கு கறுகிக்கொண்டிருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பிள்ளை நெருப்பில் இருக்கிறான், சத்தம் போட்டு அழுதால் இவர் போய்விடுவார், அழாமல் இருந்தால் நான் போய்விடுவேன். அப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் திரும்பாமலே கேட்டார், "ஏட்டி, சின்னவன் அங்கதான இருக்கான்?"

பாண்டுப்புக்கு வேலை கேட்கப் போகிறவன் வேர்க்கடலையும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போவானா என்று காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது, என் பொய்யைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கிறார். விக்கெட் விழுந்தால் வைதுவிட்டுச் சுத்தியலை எடுப்பான்கள், இது விக்கெட் இல்லை, ஆட்டத்தில் நடக்கிற காரியமே இல்லை, என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லு என்றார். நான் மாத்திரை டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெள்ள எழுந்தார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றினார், இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்திருந்த அதே இருப்பு. படுங்கள் என்று தோளைத் தொட்டேன், "தொடாத. அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காரு, அவன் வார வரைக்கும் அசையாத" என்றார். இந்தப் பழக்கத்தை நான் எத்தனை கேலி பண்ணியிருக்கிறேன், நீங்கள் காலை மடக்குவதற்கும் கல்கத்தாவில் ஒருவன் அவுட் ஆவதற்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன் மகனே. கையில் மாவு ஒட்டியிருந்தது, கழுவக்கூட இல்லை. அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார், ஐயா கண்ணாலேயே ரேடியோவைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். கொண்டுவந்து பிளக்கைச் சொருகி அவரும் நிலைப்படியில் உட்கார்ந்தார், மதினியும் வந்து உட்கார்ந்தாள். அந்தப் புகையிலும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, கேட்டால் நம்புவாயா. எனக்கு ஸ்கோர் எதற்கு, இடையில் யாராவது அடிபட்டார்கள் செத்தார்கள் என்று சொல்வார்களோ என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் உயிர் போய் வந்தது.

அன்றைய ஆட்டம் முடிந்து ரேடியோவும் வேறு ஏதோ பாட்டுக்குப் போய்விட்டது. அப்போதும் அவன் வரவில்லை. எனக்குக் கால் மரத்துவிட்டது, அசையவில்லை. உன் ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இவன் வந்துருவான் ஏட்டி, சர்ச்கேட்டுல இருந்து வண்டி இருக்கு. பெரியவந்தான் எப்ப வருவான்னு தெரியல. அதுவரைக்கும் நான் அசையாம இருக்கணுமே." அவருக்கு வேர்க்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

விளக்கு வைத்த பிறகு வந்தான் உன் தம்பி. மாகிம் ஸ்டேஷனில் இறங்கி ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறான், சட்டையெல்லாம் புகை நாற்றம், முழங்கையில் சிராய்ப்பு. நான் எழுந்து அவனை அடித்தேன், அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதேன், இது இரண்டையும் மர்யம் மதினி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று கேட்டார். இந்த வீட்டில் நான் எதற்குத்தான் தாலி கட்டிக்கொண்டு வந்தேனோ! அவன் சொன்னான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஐயா, நாங்கள் இருந்த இடத்திலிருந்து வெள்ளைச் சட்டைதான் தெரிகிறது, பந்தே தெரியாது, பக்கத்தில் டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்கள்தான் படவில்லை படவில்லை என்று முதலில் எழுந்து கத்தினார்கள், ரேடியோவில் கேட்டவன் கத்தியதைப் பார்த்து நேரில் பார்த்தவனும் கத்தினான் என்று. ஐயா அதைக் கேட்டுவிட்டு, கஞ்சி வாங்கிக் குடித்துப் படுத்தார். அவர் தூங்குகிறாரா என்று முதுகில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது தினமும் அப்படித்தான் இருக்கிறேன்.

மறுநாள் ஆஸ்திரேலியாக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள், ஐயா பட்டறையிலேயே உட்கார்ந்து கேட்டார், நான் தடுக்கவில்லை. நேற்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொன்னதும் என்னைக் கோபித்தார், நானும் விடவில்லை, கமெண்டரி கேட்டால் பயம் என்றீர்கள், ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பயந்தாரே, அதற்கு உங்களிடம் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டேன். அவர், சரி, பக்கத்தில் யாராவது இருந்தால் தாழ்வாக வைத்துக் கேட்கட்டும் என்றார். உடம்பு எப்படி இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள், எனக்கு ஒரு பிள்ளை கடல் தாண்டி இருக்கிறான் என்று கேட்டேன். வருஷக்கணக்காக இருக்கவும் இருப்பார், நாளைக்கே என்றாலும் ஆச்சரியப்பட முடியாது, அந்தப் பிள்ளை வருவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்றார். வெளியே பெஞ்சில் உன் ஐயா உட்கார்ந்திருந்தார், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார், உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று சொன்னேன்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய்தான். நான் பயந்துபோய் இருக்கிறேன், நீயும் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அடுத்து கான்பூர், டில்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று ஆட்டம் இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்கும் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேயும் நம் ஆட்களைத் திரும்பிப் போ என்று பேசுகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது, முன்பின் தெரியாத வீட்டுக்குள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாயே என்று அதற்கும் பயம். இருட்டினால் தனியாக நடக்காதே. யாராவது ஏதாவது சொன்னால் பதில் பேசாதே, வேலையை முடித்தால் அங்கே உட்காராதே. மான்குர்த்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லி விட்டிருக்கிறார்கள், நீ வந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தம்பிக்கு இன்னும் கனவில் புகை வருகிறதாம், அவனுக்கும் இரண்டு வரி எழுது.

ஐயாவுக்குத் தனியாகக் கடிதம் போடு. நான் இதை எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஜனங்கள் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள் என்று இனிமேல் எழுதாதே, ஐந்து நாளும் கண் கொட்டாமல் பார்க்கிற ஒரு வீட்டையாவது தேடிப் பிடித்து எழுது, அப்படி ஒரு வீடும் இல்லை என்றால் இருப்பதாக எழுது. நீ எப்போது வருவாய் என்று தெரியவில்லை என்றாரே, அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். வருகிறேன், பார்க்கலாம், லீவு கேட்டிருக்கிறேன் என்றெல்லாம் எழுதாதே. மாசம் தேதி போட்டு எழுது, எந்தக் கப்பல் எந்த விமானம் என்று எழுது, நான் அதை அவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவைக்கிறேன். அந்தத் தேதிவரை அவர் இருப்பார், எனக்குத் தெரியும், சொன்னால் சொன்னபடி உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

முத்தாரம்மன் உனக்கு முன்னும் பின்னும் நடந்து துணை வரட்டும், நீ தொட்ட காரியம் துலங்கட்டும், உன் தலைக்கு ஒரு நோவு வராமல் நான் கும்பிட்ட கும்பிடெல்லாம் உனக்கே சேரட்டும். இதைப் படித்து முடித்ததும் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் போடு, தேதி மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
வா. பேராச்சி